வாரண்ட் இல்லாமல் கடையைச் சோதனை போட்டார்கள், என்ன செய்யலாம்? (டர்பன்)

ராம்நாடு_தம்பி (டர்பன்)

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். போன வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் யூனிஃபார்மில், மற்ற இருவர் சாதா உடையில். இங்கே திருட்டு போன் விற்பதாகத் தகவல் என்று சொல்லி நேராகக் கவுண்டருக்குப் பின்னால் வந்து டிராயர்களைத் திறந்தார்கள். ரிப்பேருக்கு வந்த போன்களில் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு காகிதமும் காட்டவில்லை, எடுத்ததற்கு ரசீதும் இல்லை. முதலாளி "விடு தம்பி, கடை ஓட வேண்டும்" என்கிறார். போனுக்குச் சொந்தக்காரர்களோ தினமும் வந்து என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படி வாரண்ட் இல்லாமல் தேட அவர்களுக்கு உரிமை உண்டா? நான் தடுத்திருந்தால் என்னையும் உள்ளே வைத்திருப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லெனேசியா_லதா

தம்பி, அவர்கள் போலீஸ்தானா என்பதை முதலில் உறுதி செய்தீர்களா? சாதா உடையில் வருபவர் 'அப்பாயின்ட்மென்ட் சர்டிபிகேட்' என்ற அட்டையைக் காட்ட வேண்டும். போலீஸ் வேடத்தில் வந்து கடையை வழித்துக்கொண்டு போகிறவர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் நிறைய. பெயரையும் ஸ்டேஷனையும் குறித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கோ 10111க்கோ போன் போட்டு "இந்தப் பெயரில் ஆள் அனுப்பினீர்களா" என்று கேட்டுவிடுவது நல்லது.

பழைய_கோர்ட்டுக்காரர் (மரிட்ஸ்பர்க்)

நான் வழக்கறிஞன் இல்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடம் மாஜிஸ்திரேட் பக்கத்தில் நின்று கேட்டதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வழக்குக்கு வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் சரி.

இந்த நாட்டு அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு உங்கள் உடல், வீடு, உடைமை எதையும் காரணமில்லாமல் சோதிக்கக் கூடாது என்கிறது. இது குடிமக்களுக்கு மட்டும் இல்லை, இங்கே இருக்கும் எல்லோருக்கும். அந்த உரிமைக்கு வழிவிட்டும் வரம்பு போட்டும் எழுதியது 1977ஆம் ஆண்டின் 51ஆம் எண் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதில் 20 முதல் 29 வரை உள்ள பிரிவுகளைப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வழக்கமான பாதை வாரண்ட். மாஜிஸ்திரேட் அல்லது ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் (வாரண்ட் போன்றவற்றைக் கொடுக்க அதிகாரம் பெற்றவர்) அதைக் கொடுக்கலாம். (போலீஸ் உயரதிகாரிகளே ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் ஆக இருப்பார்கள். போலீஸுக்குப் போலீஸே வாரண்ட் எழுதுவதா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.) இரவில் தேட அனுமதி என்று தனியாக எழுதியிருந்தால் தவிர பகலில்தான் தேட வேண்டும். தேடி முடித்ததும் நீங்கள் கேட்டால் வாரண்டின் நகலைக் கொடுக்க வேண்டும். 2011இல் வான் டெர் மெர்வே வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் குற்றத்துக்காக, எந்த இடத்தில், என்ன பொருளை, யார் தேடுகிறார்கள் என்பதெல்லாம் படித்தால் புரியும்படி வாரண்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே வாரண்டை வாங்கியதும் முகவரியையும் தேடும் பொருளையும் முதலில் பாருங்கள். பக்கத்துக் கடை எண் போட்டிருந்தால் அப்போதே சொல்லுங்கள்.

வாரண்ட் இல்லாத பாதை 22ஆம் பிரிவு. அதற்கு இரண்டே வாசல். ஒன்று, நீங்கள் சம்மதித்தால். இரண்டு, கேட்டிருந்தால் வாரண்ட் கிடைத்திருக்கும், ஆனால் அதை வாங்கப் போனால் பொருள் கைமாறிவிடும் என்று நம்ப அவருக்கு நியாயமான காரணம் இருந்தால். "தகவல் வந்தது" என்ற ஒற்றை வார்த்தை போதாது. என்ன தகவல், எப்போது வந்தது, ஏன் அவசரம் என்று கோர்ட்டில் அவர் விளக்க வேண்டும்.

பெரும்பாலான சோதனைகள் நடப்பது முதல் வாசல் வழியாகத்தான். "பார்க்கலாமா?" என்பார், நம் ஆள் பதறிப்போய் "பாருங்க சார், பாருங்க" என்பார். அவ்வளவுதான், சம்மதம் கொடுத்தாயிற்று. பிறகு கோர்ட்டில் நின்று "பயந்து சொன்னேன்" என்றால் அதை நிரூபிக்கும் பாடு உங்களுடையது போலவே ஆகிவிடும்.

மிட்ராண்ட்_மணி

ஐயா சொல்வது காகிதத்தில் அழகாக இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குத் துப்பாக்கியோடு நிற்பவரிடம் 22ஆம் பிரிவு பேச முடியுமா? "ரொம்ப சட்டம் தெரியுமோ" என்று அதற்கே ஒரு அறை விழும். எனக்குத் தெரிந்து நம் ஆட்கள் எல்லோரும் டிக்கியைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் ரோட் பிளாக்கில் என்ன விதி?

பழைய_கோர்ட்டுக்காரர்

மணி, தடுக்கச் சொல்லவே இல்லையே. தடுத்தால் போலீஸ் சேவைச் சட்டத்தின் 67ஆம் பிரிவில், கடமையில் குறுக்கிட்டதாகத் தனி வழக்கு வரும். கையை மறித்து நிற்காதீர்கள், கதவைச் சாத்தாதீர்கள், கத்தாதீர்கள். அமைதியாக ஒரே வரி: "ஐ டோன்ட் கன்சென்ட், பட் ஐ வோன்ட் ஸ்டாப் யூ." சம்மதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி சொல்லுங்கள். கடையில் சிசிடிவி குரலையும் பதிவு செய்தால் இன்னும் நல்லது. அந்த வரியின் பலன் அன்று ராத்திரி கிடைக்காது. அரசியலமைப்பின் 35(5) பிரிவின்படி, உரிமையை மீறி எடுத்த சாட்சியத்தைச் சேர்த்தால் விசாரணை நியாயமற்றதாகும் என்றால், அல்லது நீதி நிர்வாகத்துக்கே கேடு என்றால், நீதிமன்றம் அதைத் தள்ளிவிட வேண்டும். அங்கேதான் அந்த வரி வேலை செய்யும்.

ரோட் பிளாக் வேறு கதை. முறையாக அமைத்த ரோட் பிளாக்குக்குத் தேசிய அல்லது மாகாண கமிஷனரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அதே போலீஸ் சேவைச் சட்டத்தில் 13(8) பிரிவு. அந்த அனுமதி இருந்தால் வாரண்ட் இல்லாமலே வண்டியையும் அதில் இருப்பவரையும் சோதிக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டால் அனுமதியின் நகலைக் காட்ட வேண்டும். கூம்பு வைக்காமல், ஓரமாக நிறுத்தி லைசென்ஸ் கேட்பது ரோட் பிளாக் அல்ல. லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும். டிக்கிக்கு மறுபடியும் அந்த 22ஆம் பிரிவுதான்.

சாட்ஸ்வொர்த்_சாந்தி

பெண்கள் கவனத்துக்கு: ஐயா சொன்ன குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி பெண்ணின் உடலைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். பெண் போலீஸ் இல்லை என்றால், அவர்கள் நியமிக்கும் வேறு ஒரு பெண். கைப்பைக்குள் கை விடுகிறேன் என்று ஆண் போலீஸ் வந்தால் "லேடி ஆஃபீசரைக் கூப்பிடுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். இதில் எந்த அவமரியாதையும் இல்லை. சோதனையையே கண்ணியமாகவும் ஒழுங்காகவும் நடத்த வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

இன்னொன்று வீடு பற்றி. கடைகள் கொள்ளை போன 2021 ஜூலை கலவரம் முடிந்ததும் இந்தப் பக்கமெல்லாம் போலீஸும் ராணுவமும் வீடு வீடாகப் போய் டிவிக்கும் பிரிட்ஜுக்கும் ஸ்லிப் (வாங்கிய ரசீது) கேட்டார்கள். அத்தை வீட்டில் டிவி வாங்கி ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும், ஸ்லிப்புக்கு எங்கே போவார்? நல்ல வேளை, பக்கத்து வீட்டு மாமா பழைய தீபாவளிப் போட்டோவைக் கொண்டு வந்து காட்டினார். சுவரில் அதே டிவி. அதற்கப்புறம்தான் விட்டார்கள். இப்போது என் வீட்டில் எல்லா ஸ்லிப்பையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், வெயிலில் மை அழிந்துவிடுகிறது பாருங்கள்.

பழைய_கோர்ட்டுக்காரர்

சாந்தி அம்மா, அதே 2021 அக்டோபரில்தான் இண்டஸ்ட்ரி ஹவுஸ் குடியிருப்பாளர்கள் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஜோகன்னஸ்பர்க் நகர மையத்தில் பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களை 2017, 2018இல் தெருவையே அடைத்துச் சோதனை போட்டார்கள். போலீஸ் சேவைச் சட்டத்தின் 13(7) பிரிவில் ஒரு பகுதியைச் சுற்றி வளைத்தால் உள்ளே இருக்கும் வீடுகளையும் வாரண்ட் இல்லாமல் தேடலாம் என்று இருந்தது. வீட்டைப் பொறுத்தவரை அது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழை குடியிருக்கும் இடமும் வீடுதான் என்று கேட்க அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஃபீனிக்ஸ்_பாலா

வழக்குகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது எதில்?

பழைய_கோர்ட்டுக்காரர்

தம்பி ராம்நாட்டுக்காரருக்கு நேராகப் பொருந்துவதிலிருந்து தொடங்குகிறேன். 1955ஆம் ஆண்டின் 62ஆம் எண் பொதுச் சட்டத் திருத்தச் சட்டம், 36ஆம் பிரிவும் 37ஆம் பிரிவும். செல்போன், லேப்டாப், செம்புக் கம்பி கடை வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

37 என்பது, வாங்கிய பொருள் திருட்டுப் பொருள், விற்றவர் உரிமையாளர் என்று நம்ப உங்களுக்கு நியாயமான காரணம் இல்லை என்பது. 36 இன்னும் சிக்கல். பொருள் யாரிடமிருந்து திருடியது என்றே போலீஸுக்குத் தெரிய வேண்டாம். உங்களிடம் பொருள் இருக்கிறது, அது திருட்டுப் பொருள் என்ற நியாயமான சந்தேகம் இருக்கிறது, எப்படி வந்தது என்பதற்குத் திருப்தியான கணக்கை உங்களால் கொடுக்க முடியவில்லை. குற்றம் முடிந்தது. இது மௌனமாக இருக்கும் உரிமைக்கு எதிரானது என்று வாதாடிப் பார்த்தார்கள். 1998இல் ஒஸ்மான் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 36 செல்லும் என்றது. 37இல் நிரூபிக்கும் பாரத்தை வாங்கியவர் தலையில் போட்ட பகுதியை மட்டும் 2000இல் மனமேலா வழக்கில் தள்ளிவிட்டார்கள்.

இங்கேதான் படங்களில் பார்த்த "வக்கீல் வரும் வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்பது கொஞ்சம் இடறுகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி பேசாதீர்கள், சரி. ஆனால் 36ஐப் பொறுத்தவரை கணக்கு ஒன்று தயாராக இருக்க வேண்டும். அந்தக் கணக்கை வாயால் சொல்வதை விட நோட்டால் சொல்வது மேல். ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் தேதி, கொடுத்தவர் பெயர், தொடர்பு எண், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்), பழுது, கையெழுத்து. பழைய போன் வாங்கி விற்றால் 2009ஆம் ஆண்டின் 6ஆம் எண் பழைய பொருள் வணிகச் சட்டத்தில் போலீஸிடம் பதிவு செய்ய வேண்டும், விற்பவரின் அடையாள எண்ணோடு பதிவேடு வைக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்த கடையில் வேலை நேரத்தில் வந்து பதிவேட்டைப் பார்க்கப் போலீஸுக்கு உரிமை உண்டு, அதற்கு வாரண்ட் வேண்டாம். அதை "சட்டவிரோதச் சோதனை" என்று சண்டை போட்டால் நாம்தான் தோற்போம். தம்பி, உங்கள் முதலாளி அந்தப் பதிவைச் செய்திருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவர் "விடு" என்று சொல்வதற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. அடிதடியில் 'காமன் அசால்ட்' என்பதற்கு அடி விழ வேண்டியதே இல்லை. இப்போதே அடித்துவிடுவான் என்று எதிராளி நம்பும்படி கையை ஓங்கினாலே போதும். பாட்டிலோ கட்டையோ வந்துவிட்டால் 'ஜிபிஎச்' (கடுமையான காயம் செய்யும் நோக்கத்தோடு தாக்குவது) ஆகலாம். வார்த்தையால் ஒருவர் மானத்தைக் காயப்படுத்துவது 'க்ரைமென் இஞ்ஜூரியா'. இன வசைக்காக 2018இல் விக்கி மோம்பெர்க் என்ற பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே கொடுத்தார்கள். கோபத்தில் நம் ஆட்கள் வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசும் சில சொற்களை வெளியே பேசினால் அதே கதிதான். கஞ்சா: 2018இல் பிரின்ஸ் வழக்குக்குப் பிறகு பெரியவர்கள் தனி இடத்தில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது குற்றமில்லை, 2024இல் தனிச் சட்டமும் வந்தது. விற்றால் இன்றும் குற்றம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் வரம்பு, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. ரத்தம் எடுக்க மறுப்பதும் குற்றம்.

மிட்ராண்ட்_மணி

போனைத் திறந்து காட்டு, பாஸ்வேர்டு சொல் என்றால்?

பழைய_கோர்ட்டுக்காரர்

போனைக் கைப்பற்றுவது ஒன்று, உள்ளே புகுந்து படிப்பது வேறொன்று. 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் சைபர் குற்றச் சட்டம் வந்த பிறகு, உள்ளே இருப்பதைப் பார்க்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும், அவசர நிலைமைக்குச் சில விலக்குகள் உண்டு. நீங்களே விரல் வைத்துத் திறந்து கொடுத்தால் அது சம்மதம். "எடுத்துக்கொள்ளுங்கள், திறப்பதற்கு வாரண்ட் கொண்டு வாருங்கள்" என்று சொல்லலாம். வாட்ஸ்அப்பில் உங்கள் விஷயம் மட்டுமா இருக்கிறது, ஊர் விஷயமே இருக்கிறது.

யாழ்_குமரன் (கேப் டவுன்)

கைது செய்துவிட்டால் 48 மணி நேரத்தில் கோர்ட்டுக்குக் கொண்டு போக வேண்டும் என்பார்கள். என் நண்பர் ஒருவரைப் புதன்கிழமை மாலை பிடித்தார்கள், திங்கட்கிழமைதான் கோர்ட்டில் பார்த்தோம். இது சட்டவிரோதம்தானே?

பழைய_கோர்ட்டுக்காரர்

குமரன், துரதிர்ஷ்டவசமாகச் சட்டப்படியே அது நடக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவில் கோர்ட் நேரம் என்பது காலை 9 முதல் மாலை 4 வரை. 48 மணி நேரம் கோர்ட் நேரத்துக்கு வெளியே முடிந்தால், அடுத்த கோர்ட் நாள் முடிவதற்குள் கொண்டு போனால் போதும். புதன் மாலை 5 மணிக்குப் பிடித்தால் 48 மணி நேரம் வெள்ளி மாலை 5க்கு முடிகிறது. கோர்ட் மூடிவிட்டது. அடுத்த கோர்ட் நாள் திங்கள். இந்தக் கணக்குப் போலீஸுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அதுவரை உள்ளேயே கிடக்க வேண்டும் என்று இல்லை. சிறு குற்றம் என்றால் 59ஆம் பிரிவில் ஸ்டேஷனிலேயே போலீஸ் ஜாமீன் உண்டு. அதற்கு மேல் சில குற்றங்களுக்கு 59A பிரிவில் அரசு வழக்கறிஞர் ஜாமீன் கொடுக்கலாம், ராத்திரியிலும் கேட்கலாம். இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். வெளியே இருக்கும் சொந்தக்காரர்தான் ஸ்டேஷனில் நின்று கேட்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் லீகல் எய்ட், இலவச எண் 0800 110 110.

ஜாமீன் வேறு, அபராதம் வேறு. "500 ரேண்ட் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ" என்று ஒரு தாளை நீட்டினால் அது ஜாமீனா, 'அட்மிஷன் ஆஃப் கில்ட்' அபராதமா என்று கேளுங்கள். இரண்டாவதில் கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பல குற்றங்களுக்கு அது தண்டனைப் பதிவாக ஏறிவிடும். 2020 லாக்டவுனில் இப்படிக் கட்டிவிட்டு வந்தவர்களுக்குப் பின்னால் வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் வாங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது.

ராம்நாடு_தம்பி

ரொம்ப நன்றி ஐயா. போனவை போனதுதானா? இன்னொன்று, அவர்களில் ஒருவர் கிளம்பும்போது "கூல் டிரிங்குக்கு ஏதாவது" என்றார். முதலாளி கொடுத்தார்.

லெனேசியா_லதா

கூல் டிரிங்க் கொடுத்ததை இப்படிப் பொதுவில் எழுதாதீர்கள் தம்பி! 2004ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் வாங்குபவர் மட்டும் இல்லை, கொடுப்பவரும் குற்றவாளி.

பழைய_கோர்ட்டுக்காரர்

லதா சொல்வது சரி. புகார் கொடுப்பதற்கு முன் முதலாளி அதைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசிவிட வேண்டும்.

போன்களைப் பற்றி. போலீஸ் கைப்பற்றிய எந்தப் பொருளும் ஸ்டேஷனில் 'சாப் தேர்ட்டீன்' என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய் அந்த எண்ணையும், வழக்குப் பதிவு செய்திருந்தால் காஸ் நம்பரையும் (வழக்கு எண்) கேளுங்கள். ரிப்பேர் சீட்டுகளின் நகலைக் கொண்டு போங்கள், போனுக்குச் சொந்தக்காரர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். தனியாகப் போகிறவருக்குக் கிடைக்காத பதில் இருவராகப் போனால் கிடைக்கும். பதிவேட்டில் இருந்தால் நல்லது, வழக்கு இல்லை என்று முடிவானால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிவேட்டிலேயே இல்லை என்றால் அது சோதனை அல்ல, திருட்டு. அங்கேயே ஸ்டேஷன் கமாண்டரைப் பார்க்கக் கேட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். போலீஸ் அடித்தாலோ லஞ்சம் வாங்கினாலோ விசாரிப்பது ஐபிட் என்ற தனி இயக்குநரகம், அது போலீஸின் கீழ் இல்லை.

யாழ்_குமரன்

விசா காலாவதியான நம் பையன்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த உரிமைகள் எல்லாம் உண்டா? இல்லை, நேராக நாடு கடத்தல்தானா?

பழைய_கோர்ட்டுக்காரர்

உண்டு. 2002 குடிவரவுச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் போலீஸோ குடிவரவு அதிகாரியோ நீங்கள் யார், இங்கே இருக்க உரிமை உண்டா என்று கேட்கலாம், அதற்குக் காகிதம் காட்டத்தான் வேண்டும். பாஸ்போர்ட்டின் சான்றளித்த நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாடு கடத்தப் பிடித்து வைத்தவர்களையும் 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நேரில் நிறுத்த வேண்டும் என்று 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கவும் உரிமை உண்டு. இந்தியர்களுக்கு டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் துணைத் தூதரகம் இருக்கிறது, இலங்கைக்காரர்களுக்குப் பிரிட்டோரியாவில் தூதரகம்.

சாட்ஸ்வொர்த்_சாந்தி

ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் என்ன செய்வது ஐயா? எதிலும் போடாதே என்று சிலர் சொல்கிறார்கள்.

பழைய_கோர்ட்டுக்காரர்

எதிலும் போடாதே என்பது அவ்வளவு சரியில்லை. முதலில் கொடுப்பது 14A என்ற படிவம். உங்கள் உரிமைகளைச் சொல்லிவிட்டோம் என்பதற்கு அத்தாட்சி. படித்துப் பார்த்து, நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடலாம், ஒரு நகலையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு அப்புறம் வருவது 'வார்னிங் ஸ்டேட்மென்ட்', அதாவது குற்றச்சாட்டு பற்றி உங்களிடம் எழுதி வாங்கும் வாக்குமூலம். அங்கே நிறுத்துங்கள். "வழக்கறிஞரோடு பேசிவிட்டுக் கோர்ட்டில் சொல்கிறேன்" என்று எழுதச் சொல்லுங்கள், அப்படி எழுதினதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். புரியும் மொழியில் சொல்லப்படுவதும், புரியும் மொழியில் விசாரிக்கப்படுவதும் அரசியலமைப்பின் 35ஆம் பிரிவில் இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று கோர்ட்டில் தேதி தள்ளிப் போகலாம். ஜாமீனில் வெளியே இருந்தால் தள்ளிப் போகட்டும், உள்ளே இருந்தால் முதலில் ஜாமீன் மனுவை மட்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ராம்நாடு_தம்பி

நாளை காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். ரிப்பேர் சீட்டு எல்லாம் ஆப்பிரிகான்ஸில் அச்சடித்த பழைய புக்கில் இருக்கிறது, அது பரவாயில்லையா?

பழைய_கோர்ட்டுக்காரர்

பரவாயில்லை. ஐஎம்இஐ எண்ணும் தேதியும் தெளிவாக இருந்தால் போதும். அசல் புக்கைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும்.